பெரியசாமியின் வலது காது

திருச்செங்கோட்டுப் பெரியசாமி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்கு ஏறியது 1998 பிப்ரவரியில். அப்போது வயது இருபத்திரண்டு. துளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் இருபதடி இரும்புக் குழாய்தான் ராடு. ஆறு ஆண்டுகள் அந்த ராடு மாட்டும் ஆளாக இருந்து, 2004இல் டிரில்லர் ஆனார்.

டிரில்லர் என்பவர் வண்டியின் பின்புறம் நின்று லீவர்களை இயக்குபவர். பூமிக்குள் இறங்கும் ஹேமர் பாறையை அடிக்கும் சத்தத்தை வைத்தே கீழே இருப்பது கெட்டிப் பாறையா, உடைசலா என்று கண்டுகொள்ள வேண்டியவர். உடைசலில் வேகத்தைக் குறைக்காவிட்டால் ராடு சிக்கிவிடும். லட்சக்கணக்கான ரூபாய்ச் சாமான் பூமிக்குள்ளேயே போய்விடும். பத்தொன்பது ஆண்டுகளில் பெரியசாமி ராடு சிக்கவிட்டது இரண்டே முறை. அவருக்குப் பாம்புச் செவி என்று மற்ற வண்டிக்காரர்கள் சொல்வார்கள்.

அவர் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம், பத்தடி தூரத்தில், ஹேமருக்குக் காற்று தரும் கம்ப்ரசர் தனி லாரியில் ஓடும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். அந்தச் சத்தத்துக்காக இடது காதில் மட்டும் பனியன் வேஸ்டைத் திணித்துக்கொள்வார். வண்டியில் எண்ணெய் துடைக்க வைத்திருக்கும் பின்னல் துணிக் கழிவு அது. வலது காது பாறையைக் கேட்பதற்காகத் திறந்தே இருக்கும். சாயங்காலம் கம்ப்ரசரை நிறுத்தியதும் காதுக்குள் 'ஙொய்' என்று இரையும். மறுநாள் காலை சரியாகிவிடும். சரியாகிவிடுவதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. 2019 முதல் இடது காதில் அந்த இரைச்சல் காலையிலும் நிற்கவில்லை.

2023 ஜூன் முதல் வாரம், மழைக்காலத்தில் கிணறு வேலை நிற்பதால், வண்டி சத்தீஸ்கரிலிருந்து ஊர் திரும்பியது.

"ஏனுங்க, டிவிய நமக்கு வெச்சீங்களா, எதுத்த ஊட்டுக்காரங்களுக்கு வெச்சீங்களா?" என்றார் மனைவி மலர்விழி.

"நீ வாய்க்குள்ளயே பேசுனா எனக்கு எப்படிக் கேக்கும்?"

"நானா? நான் பேசுனா சந்தைப்பேட்டைக்குக் கேக்குதுன்னு உங்கம்மாவே சொல்லுவாங்க!"

பெரியசாமி முறைத்தார். சத்தம் கேட்கத்தான் செய்தது. வார்த்தைதான் பிடிபடவில்லை.

ஜூன் 9, வெள்ளிக்கிழமை, வண்டியின் மேனேஜர் சரவணக்குமார் போன் செய்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியசாமி இடது கையால் எடுத்து இடது காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டார். மூன்று முறை இப்படி நடந்தது. நான்காம் முறை மலர்விழி எடுத்தார்.

"நல்லாத்தானுங்க பேசறாரு. இந்தாங்க."

வலது காதில் வைத்தார். சரவணக்குமார் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. பெரியசாமி அதற்கு மேல் சாப்பிடவில்லை. இடது போனது போகட்டும். வலதும் இப்படி ஆனால் பாறையைக் கேட்பது எப்படி, லீவரில் நிற்பது எப்படி?

ஜூன் 14, புதன்கிழமை, இருவரும் சேலத்தில் ஒரு காது மருத்துவமனைக்குப் போனார்கள். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர் அக்சிலியா, சத்தம் புகாத சிறிய அறைக்குள் அவரை உட்காரவைத்து நாற்பது நிமிடம் சோதித்தார். மெல்லிய, கூரான சத்தங்களை வலது காது 35 டெசிபலில் கேட்டது. இடது காதுக்கு அதையே 70 வரை ஏற்ற வேண்டியிருந்தது.

"இடது திரும்ப வருமுங்களா?" என்று கேட்டார் பெரியசாமி.

"வராதுங்க. உள்ளே மயிரிழை மாதிரி செல் இருக்கும். சத்தத்துல அது செத்துப்போச்சு. மறுபடி முளைக்காது, மருந்தும் கிடையாது. வலதுல இப்பதான் ஆரம்பம். அதைக் காப்பாத்தலாம்."

"நான் துணி வெச்சுக்கறனுங்களே."

"துணிக்குள்ள காத்துப் போகுதில்ல? சத்தமும் போகும்."

எண்பத்தைந்து டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். நூறில் கால் மணி நேரம்தான் என்று அக்சிலியா கணக்குச் சொன்னார். ரிக் வண்டியின் பக்கத்தில் நூறுக்கும் மேலே இருக்கும். பிறகு நுரையால் ஆன இயர் பிளக்கை எடுத்து, விரலால் மெலிதாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, அது உப்பும் வரை அரை நிமிடம் பிடித்திருக்கச் சொன்னார். அதற்கு மேல் இரண்டு காதையும் மூடும் இயர் மஃப்.

"ரெண்டையும் மூடுனா பாறைச் சத்தம் எப்படிங்க கேக்கும்?"

"முழுசா நிக்காது, குறையத்தான் செய்யும். ஹேமரும் குறையும், கம்ப்ரசரும் குறையும். அந்தக் குறைஞ்ச சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கணும். ஒண்ணு சொல்றேன், வேலை நடக்கறப்ப நடுவுல கழட்டிக் கழட்டி மாட்டாதீங்க. கழட்டுற கொஞ்ச நேரத்துலயே மாட்டுன பலன் போயிரும்."

அக்டோபர் 11, சத்தீஸ்கரில் அந்தப் பருவத்தின் முதல் கிணறு. கம்ப்ரசர் லாரியை, காற்று ஹோஸ் எட்டும் மட்டும் தள்ளி, முப்பதடியில் நிறுத்தச் சொன்னார் பெரியசாமி. பிறகு இரண்டு காதிலும் பிளக்கைச் செருகி, அதற்கு மேல் இயர் மஃபை மாட்டினார்.

"ஏனுங்ணா, ஏரோப்ளேன் ஓட்டப் போறீங்களா?" என்று சிரித்த சரவணக்குமார், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வெளையாட்டில்லீங்ணா. ராடு சிக்குச்சுன்னா மொதலாளிகிட்ட நாந்தான் பதில் சொல்லோணும். மூணு கெணறு பாப்பேன். சிக்குனா ஒண்ணு இதைக் கழட்டோணும், இல்லீன்னா நீங்க எறங்கோணும்."

"செரி," என்றார் பெரியசாமி.

நூற்றிருபது அடியில் அவருக்கே பொறுக்கவில்லை. மஃபின் வலப்பக்கத்தைத் தூக்கிக் கேட்டார். கெட்டிப் பாறைதான். அக்சிலியா சொன்னது நினைவுக்கு வர, உடனே மூடிக்கொண்டார். நூற்றைம்பது அடி தாண்டி, எட்டாவது ராடில் உடைசல் வந்தது. அவருக்குத் தெரியவில்லை. இரண்டடி இறங்கிய பிறகு லீவர் கையில் உதறியது. சட்டென்று ராடைத் தூக்கினார். கரகரவென்று பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தது. சரவணக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றார். காதைக் காட்டி, கழற்றும்படி சைகை செய்தார். பெரியசாமி இல்லையென்று தலையாட்டினார்.

இரண்டாவது கிணற்றில் இடது கையை லீவரிலிருந்து எடுக்கவே இல்லை. பாறை மாறும்போது சத்தத்துக்கு முன்னால் அதிர்வு மாறுவதைக் கை கண்டுகொண்டது. கம்ப்ரசரின் உறுமல் அடங்கிப்போனதால் ஹேமரின் அடியும் தனியாகப் பிரிந்து கேட்டது. மூன்றாவது கிணற்றில், பதினோராவது ராடில், மேலே வரும் புழுதியின் நிறம் மாறும் முன்பே வேகத்தைக் குறைத்தார். அந்த ராடு முடிவதற்குள் தண்ணீர் வந்தது. மூன்று கிணறும் சிக்காமல் முடிந்துவிட, சரவணக்குமார் அடுத்த ஊருக்கு வழி கேட்கப் போனார்.

அந்தப் பருவத்தில் 187 கிணறுகள். ராடு சிக்கியது ஒரே முறை, ஏப்ரலில், அறுபதடியில். அது, மேல் மண் சரியாமல் இருக்கத் துளைக்குள் இறக்கும் கேசிங் பைப் சரியாக உட்காராததால் வந்த வினை. காதுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

2024 ஜூன் 19, மறுபடி அதே அறை. பெரியசாமி சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினார். சில நேரம் கேட்டதா, கேட்டதாகத் தோன்றியதா என்று தெரியவில்லை. வெளியே வந்து மலர்விழியின் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

அக்சிலியா போன வருடத்துச் சோதனைத் தாளையும் இந்த வருடத்துத் தாளையும் அருகருகே வைத்தார். "இடது அதே எழுபது."

"வலதுங்க?"

"முப்பத்தஞ்சு. போன வருசமும் அதான். ஒரு புள்ளிகூட மோசமாகல."

"அப்ப லீவர்ல நிக்கலாமுங்களா?"

"காதுல மாட்டிக்கிட்டு நில்லுங்க."

பெரியசாமி இரண்டு தாள்களையும் கையில் வாங்கி, ஒவ்வோர் எண்ணாகத் தானே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.