ஒப்பீட்டுக்குக் கொடுத்த ரத்தம்

பேராதனையில், பரம்பரை ரத்த நோய்களை ஆராயும் சிறிய ஆய்வுகூடம் ஒன்றில் நான் உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. அப்பா கடுகண்ணாவையில் கண்டி வீதியோரம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். என்னோடு வேலை செய்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடச் சற்று மூத்தவர், அதிகம் பேசமாட்டார்.

நாங்கள் தேடியது தலசீமியாவை. அந்த நோயுள்ள குழந்தையின் உடல் நல்ல ரத்தத்தை உண்டாக்காது. முதல் வருடத்துக்குள்ளேயே முகம் வெளிறும். மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும். மாதாமாதம் வேறொருவரின் ரத்தத்தை ஏற்றினால்தான் உயிர் தங்கும். அப்படி ஏற்றிய ரத்தத்தின் இரும்பே ஈரலிலும் இதயத்திலும் படிந்து பிறகு எமனாகும். பெற்றவர்களோ பார்வைக்குச் சுகதேகிகள். நோயின் பரம்பரையலகு இருவரிடமும் ஒளிந்திருக்கும். அப்படிப்பட்டவர்களைக் காவிகள் என்போம். காவிகள் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு.

ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய் ரத்த மாதிரி எடுப்பது என் வேலை. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வருவாள். நான் கையைப் பிடித்தால் அந்தக் குழந்தையே, "கையில நரம்பு கெடைக்காதுக்கா, கால்ல பாருங்க" என்று காலை நீட்டும்.

அந்தக் குழந்தை இறந்த அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை. அந்த யாழ்ப்பாணத்துக்காரர் என்னோடு ஸ்டேஷன்வரை வந்து, ரயில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரயிலின் சத்தம் கேட்டதும் எழுந்தார்.

"நான் உம்மைக் கலியாணம் செய்ய விரும்புறன். யோசிச்சுச் சொல்லும்."

"யோசிக்க ஒண்ணுமில்லங்க, சம்மதம்" என்றேன். அழுத முகத்தோடு ரயில் ஏறினேன்.

சில வாரங்களில் புதிய கருவியொன்று வந்தது. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒப்பீட்டுக்குச் சுகதேகிகளின் ரத்தம் வேண்டும். வழமைபோல ஆய்வுகூடத்தில் இருந்தவர்களே கையை நீட்டினோம். இரண்டு மாதிரிகளின் முடிவைப் பார்த்து, கருவியில்தான் பிழை என்று நினைத்தேன். புதிதாக ரத்தம் எடுத்து மறுபடியும் செய்தேன். மாறவில்லை. அணுக்கள் சிறியவை, கூடியிருக்கக்கூடாத ஹீமோகுளோபின் வகை கூடியிருந்தது. வாட்டிலுள்ள தாய்மாரிடம் நாங்கள் பார்த்துப் பழகிய அதே முடிவு. ஒன்று என்னுடையது. மற்றது அவருடையது.

அவர் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாயடிக்குப் போய் வெகுநேரம் கைகழுவிக்கொண்டிருந்தார்.

எங்கள் தலைவி ஒரு சிங்களப் பெண் மருத்துவர். எங்களை உட்காரவைத்து, மற்றவர்களுக்குச் சொல்வதையே எங்களுக்கும் சொன்னார். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. நோயைக் கருவிலேயே கண்டறியும் வசதி அப்போது எங்களுக்கு எட்டவில்லை. முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

"நீங்க வேற பொண்ணு பாத்துக்கங்க" என்றேன்.

"நீர் வேற மாப்பிள்ளை பார்ப்பீரோ?"

"மாட்டேன்."

"பிறகென்ன? பிள்ளை இல்லாமல் இருப்பம்."

எத்தனை பெரிய விஷயத்தை எத்தனை சுருக்கமாகச் சொல்லிவிட்டார் என்று கோபம் வந்தது. அவர் கண்களைப் பார்த்த பிறகு கோபம் போய்விட்டது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை அடுப்பை அணைத்துவிட்டு, "கட்டிக்கப் போறது நீங்க. ஆனா வயசான காலத்துல ஒங்கள யாரும்மா பாப்பாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னோடு இருக்கிறது.

பேராதனையில் வாடகை வீட்டில் குடித்தனம் தொடங்கினோம். இரண்டு வருடங்கள் கழித்து, யுத்தத்தில் வீட்டைவிட்டு வெளியேறிய மாமி, அவருடைய அம்மா, எங்களிடம் வந்து சேர்ந்தார். கொழும்பில் வேலை பார்த்த மகளுக்குச் சம்பந்தம் பார்ப்பதும், எனக்குப் பிள்ளை கிடைக்க நேர்த்தி வைப்பதுமே அவருடைய கவலைகள். குறை என்னிடம் என்றே நினைத்தார். பழிச்சொல் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. வீட்டை இழந்து வந்தவரிடம் இதையும் எப்படிச் சொல்வது என்று என் கணவர் நாள் கடத்தினார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமி கண்டிப் பிள்ளையார் கோயிலிலிருந்து நூல் வாங்கி வந்து என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நம்பிக்கையோட கட்டு" என்றபோது இவர் கதிரையை இழுத்துப்போட்டுத் தாயின் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, குறை அவவிலை மட்டுமில்லை. என்னட்டையும் இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளை பிறந்தால் எப்படி வெளிறும், வயிறு எப்படி வீங்கும் என்று சொல்லிக்கொண்டு வரும்போது மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ர தம்பி" என்றார். "நாலு வயசிலை செத்தவன். இப்பிடித்தான், மெழுகுமாதிரி வெளிறி, வயிறு பெருத்து. ஆரோ கண்ணூறு வைச்சதெண்டு அம்மா சாகுமட்டும் அயலைத் திட்டினவ."

அவருக்கு அப்படியொரு தம்பி இருந்ததே எங்களுக்குத் தெரியாது. நூலை மடியில் வைத்துவிட்டு வலக்கையை என்னிடம் நீட்டினார். "என்ர ரத்தத்தையும் பார், பிள்ளை."

அடுத்த நாள் நானே எடுத்தேன். அவரும் காவிதான். முடிவைச் சொன்னபோது, "அப்ப நான்தான் என்ர பிள்ளைக்குக் குடுத்திருக்கிறன்" என்றார். "நீங்க தெரிஞ்சா குடுத்தீங்க, மாமி?" என்று கேட்டேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். மகனுக்காகவா தம்பிக்காகவா என்று நான் கேட்கவில்லை.

மகளைக் கொழும்பிலிருந்து வரவழைத்துச் சோதிக்கச் சொன்னார். அவளும் காவி. சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த இடத்தில் மாமி மறைக்காமல் சொல்லி, மாப்பிள்ளையின் ரத்தத்தையும் பார்க்கவேண்டும் என்றார். அவர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டு விலகினார்கள். தரகர், "இதையெல்லாம் ஏன் வெளியிலை சொல்லுறியள்?" என்று கடிந்துகொண்டார். "ஆரும் சொல்லாமல்தான் என்ர தம்பியைப் புதைச்சனாங்கள்" என்றார் மாமி.

மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை உடனே சட்டைக் கையை மடித்தார். அவர் காவியல்ல. அவர்களுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மகளுக்குத் தாயின் பரம்பரையலகு வந்திருக்கிறது, நோய் இல்லை. காலம் வந்தபோது அவளுக்கும் சொன்னோம்.

மாமி எங்களோடுதான் கடைசிவரை இருந்தார். நாங்கள் இருவரும் ஓய்வுபெற்றுவிட்டோம். முன்பு வேலை செய்த வாட்டைத் தாண்டிப் போக நேரும்போது, அதன் ஜன்னல்கள் என் கண்ணில் படாதபடி இவர் என்னைத் தன் மறுபக்கத்துக்கு மாற்றி நடக்கவைப்பார்.