முதலில் ஏற்றிய குண்டான்

திரிந்த பாலின் புளித்த வாசனையோடு டீசல் புகையும் சேர்ந்து வந்தால், இன்றைக்கும் எனக்கு மொகிலி மலைப்பாதைதான் கண்முன் நிற்கும். அப்போது எனக்கு எட்டு வயது. நைனா என்று நான் கூப்பிடுகிற அப்பா, ஆந்திராவில் குப்பம் என்ற ஊரில் ஓர் அரிசி மில்லில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளி திருப்பதியில் இன்னொரு மில் வைத்தபோது அவரையும் அங்கே வரச் சொல்லி, புது மில்லுக்கான இரும்புச் சக்கரங்களையும் எங்கள் வீட்டுச் சாமானையும் ஒன்றாக ஏற்றிக்கொள்ள ஒரு லாரியை அனுப்பினார்.

அன்று ஆனி மாதத்தின் கடைசி நாள். மறுநாள் ஆடி பிறந்துவிட்டால் புதுவீட்டில் பால் பொங்கவைக்கக் கூடாது. ஒரு மாதம் போகவேண்டும். குப்பத்து வீட்டுக்கோ வேறு குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் திருப்பதியில் பால் பொங்காவிட்டால் நாங்கள் எங்கே தங்குவது என்று அம்மாவுக்கு விடிந்ததிலிருந்தே பதற்றம்.

மங்கலச் சாமான்தான் முதலில் வண்டியேற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அம்மா குளித்துவிட்டு வந்து, உப்பு ஜாடி, மஞ்சள், விளக்கு, புதிதாக ஈயம் பூசிய பித்தளைக் குண்டான் எல்லாவற்றையும் ஒரு மூங்கில் கூடையில் வைத்து, தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாள். லாரிக்குள்ளே டிரைவர் முதுகுப் பக்கத்து மூலையில் அது போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் அரிசி மூட்டைகள், கட்டில், அலமாரி என்று ஏறி, கடைசியில் நாலு ஆட்கள் மூச்சுப்பிடித்துச் சக்கரங்களை ஏற்றினார்கள். அதில் என்ன தப்பு நடந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூட்டை அடுக்குவதில் பேர்வாங்கிய நைனாவுக்கே தோன்றவில்லை.

பலமனேர் தாண்டி மொகிலி மலை இறங்கும்போது பின் டயர் வெடித்தது. 'ஸ்டெப்னி'யை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. டிரைவர் மணியண்ணன் இரண்டு டயரையும் எதிரே வந்த பஸ்ஸின் தலையில் ஏற்றிக்கொண்டு பலமனேருக்கே திரும்பிப் போனார். நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். குப்பத்துப் பசும்பால் ஒரு தூக்குப் பாத்திரத்தில் அம்மா மடியில் இருந்தது. வெயில் ஏற ஏற, அம்மா மூடியைத் திறப்பதும் முகர்ந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"சும்மா சும்மா தொறந்து பாத்துக்கினே இருந்தா அதுவும் இன்னா பண்ணும்? கெட்டுப்பூடணும்னு அதுக்கே தோணிடும்," என்றார் நைனா.

"உங்க மில்லு சக்கரத்த ஏத்தினா டயரு வெடிக்காம இன்னா பண்ணும்?"

டயர் வந்து சேர்வதற்குள் பால் திரிந்துவிட்டது. அம்மா அதை மரத்தடியில் ஊற்றிவிட்டு வண்டியேறினாள். சித்தூரில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சந்திரகிரிக்கு முன்னால் ஒரு மாட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. அம்மா சூரியனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருப்பதி வீட்டு வாசலில் லாரி நின்றபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. எதிர்வீட்டு ரத்னம்மா, தெலுங்குக்காரி, விஷயம் கேட்டதும் அப்போதுதான் கறந்த பாலைக் கொண்டுவந்தாள். மூன்று செங்கல்லும் நாலு விறகும் கூட அவளே கொடுத்தாள். அம்மா முகத்தில் உயிர் வந்தது. "குண்டானை எறக்குங்க," என்றாள்.

மணியண்ணன் தலையைச் சொறிந்தார். "அக்கா, அது மொதல்ல ஏத்தினதாச்சே. எல்லாத்துக்கும் அந்தாண்ட கீது. சக்கரத்த எறக்க மில்லு ஆளுங்க காலைலதான் வருவாங்க."

தெருவே கூடிவிட்டது. ரத்னம்மா தன் வீட்டுப் பாத்திரம் ஒன்றை நீட்டி, "இதி தீஸ்கோம்மா," என்றாள். அம்மா வாங்கவில்லை. "மொதப் பாலே எரவல் பாத்திரத்துலயா?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

புது ஆள் வந்தால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிகிறவள் நான். அன்றைக்கு என்ன வந்ததோ, "நான் உள்ள பூந்து எடுக்கறேன்," என்றேன். என் குரல் நைனாவுக்குக் கேட்கவேயில்லை, இரண்டு தரம் "இன்னாது?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னைத் தூக்கிவிட்டார்.

சக்கரத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அதில் நுழைந்து, கட்டிலுக்குக் கீழே வயிற்றால் ஊர்ந்து, மூட்டைமேல் ஏறிப் போனேன். ஒரே இருட்டு, அனல். கை கூடையில் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடை அந்தச் சந்தில் வராது. மஞ்சளைப் பாவாடையில் முடிந்துகொண்டேன். ஊர்வதற்கு இரண்டு கையும் வேண்டுமே, அதனால் குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பினேன். பாவாடையின் கரை ஒரு ஆணியில் மாட்டிக் கிழிந்து அங்கேயே நின்றுவிட்டது.

முகமெல்லாம் 'கிரீஸ்', தலையில் குண்டானோடு நான் வெளியே வந்ததும் தெருவே சிரித்தது. "லாரி பாப்பா ஒச்சிந்தி!" என்று ரத்னம்மாவின் மகள் கத்தினாள், லாரிப் பாப்பா வந்துவிட்டாளாம்.

கூரைமேல் கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கும்போதே பால் பொங்கி வழிந்தது. அம்மா முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, சாமிக்குக் காட்டுவதற்கு முன்பே ஒரு வாய்ப் பாலை ஆற்றி எனக்குக் கொடுத்தாள்.

அந்தத் தெருவில் இருந்தவரைக்கும் என் சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணமாகிப் போனபிறகும் கடைத்தெருவில் யாராவது "லாரி பாப்பா" என்பார்கள். கூச்சத்தில் கூனிப்போவேன், ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை.

போன தை மாதம் மகன் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிமாறினான். வந்த ஆட்கள் ஒவ்வொரு அட்டைப்பெட்டியின் மேலும் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டினார்கள். பால் பாத்திரம் மருமகள் கைப்பையிலேயே வந்து, காலையிலேயே பால் பொங்கிவிட்டது. ஒன்றும் தவறவில்லை, என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்களில் கடைசியாக இருந்தவள் ரத்னம்மாவின் மகள். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. இந்த மாடி வீட்டில் லிப்டுக்குள் பார்க்கிற பிள்ளைகள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். பாட்டியைத் தெலுங்கில் கூப்பிடுகிற மாதிரி, அவர்கள் எல்லோருக்கும் நான் 'அவ்வா'.