முந்தி விழும் கைதட்டு

எல்லாரும் கைதட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு கைதட்டு மட்டும் தனியாக விழும். தென் லண்டனில் சட்டன் என்ற இடத்தில் ஒரு தேவாலயத்தின் பின்புறக் கூடம். வியாழக்கிழமை மாலைகளில் அங்கே ஸ்விங் நடன வகுப்பு. பாட்டைப் போட்டதும் ஆசிரியை எங்களைக் கைதட்டச் சொல்வார். அந்த இசைக்கு இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் தட்ட வேண்டும். முதலடி காலுக்கு, கை அதற்கு அடுத்ததற்கு. வெள்ளைக்காரர்களே தடுமாறுவார்கள், நம்மவர்களைக் கேட்கவே வேண்டாம். கச்சேரியிலும் பஜனையிலும் தாளம் போட்டுப் பழகிய கை முதலடியில் தானாக விழுந்துவிடும். அப்படி விழுந்த கை, வகுப்பில் நான் அண்ணை என்று கூப்பிட்ட இலங்கைத் தமிழருடையது. ஆசிரியை சிரித்துக்கொண்டே, நீங்கள் முந்திவிட்டீர்கள் என்பார். அண்ணை என் பக்கம் குனிந்து தமிழில் சொல்வார்: "நான் முந்தேல்லை, தங்கச்சி. இவையள்தான் பிந்தித் தட்டினம்."

நான் மலேசியாவின் கிள்ளானிலிருந்து மருந்தியல் படிக்க வந்து, இங்கேயே வேலை கிடைத்து, கல்யாணம் செய்து, அது முறிந்து, மகனும் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போன பிறகு, வீட்டில் என்னைக் கூப்பிடும் ஒரே ஜீவன் மைக்ரோவேவ்தான் என்ற நிலைக்கு வந்திருந்தேன். மருத்துவமனையில் நாள் முழுக்கப் பேசுவேன். வீட்டுக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை என் குரலை நானே கேட்கமாட்டேன். நூலகத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் 'ஜோடி தேவையில்லை' என்று போட்டிருந்தது. அந்த வரிக்காகவே போனேன்.

முதல் நாள் ஆண்களை ஒரு வட்டமாகவும் பெண்களை அதற்குள் இன்னொரு வட்டமாகவும் நிறுத்தினார்கள். ஆசிரியை 'மாறுங்கள்' என்றதும் பெண்கள் அடுத்த ஆளிடம் நகர வேண்டும். ஒரே மாலையில் எல்லார் கையையும் பிடித்துவிட்டு யாருமில்லாமல் வீடு திரும்பலாம். எனக்கேற்ற ஏற்பாடு என்று நினைத்தேன். அப்படி நகர்ந்து போனபோது ஒரு கறுத்த கை என் முன்னே நீண்டது. நிமிர்ந்தால், ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மனிதர், மீசையும் நெற்றியில் மங்கிய திருநீறுமாக நின்றார். இருவருக்கும் திக்கென்றது, களவாகப் படம் பார்க்கப் போன இடத்தில் சொந்தக்காரரைக் கண்டதுபோல.

"தமிழோ?"

"ஆமா."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ, தங்கச்சி."

அந்தத் 'தங்கச்சி' எவ்வளவு வேகமாக வந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நமக்குக் கையைத் தொடுவதற்கு முன்னால் ஓர் உறவுமுறை வேண்டும். முறையைச் சொல்லிவிட்டால் தொடலாம். நான் எங்கள் ஊர் வழக்கப்படி 'அண்ணே' என்று ஆரம்பித்து, சில வாரங்களில் அவர் ஊர் வழக்கப்படி 'அண்ணை'க்கு வந்துவிட்டேன்.

அண்ணைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். தென் லண்டனில் பாதித் தமிழர்கள் அவரிடம் பழகி லைசென்ஸ் எடுத்தவர்கள் என்பார், அதில் பாதியை நான் நம்பினேன். மனைவி இறந்து சில வருடங்களாகியிருந்தன. மகள் டொரோண்டோவில். அக்கா கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில். தொழில் அவருடைய காலில் ஏறியிருந்தது. வேறொரு ஜோடி எங்கள்மேல் மோத வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் பிரேக் மிதிப்பதுபோல் தரையை அழுத்தும். நான் அதற்குள் யார்மேலாவது மோதியிருப்பேன். வகுப்பு முடிந்து என்னை வீட்டில் இறக்கிவிடக் காரருகே போனால், பழக்கதோஷத்தில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிடுவார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் பின்சீட்டில் ஏற, இருவரும் ஒரு காரில், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆளில்லாமல் உட்கார்ந்து சிரித்திருக்கிறோம்.

ஆசிரியையின் தாய் ஜமைக்காவிலிருந்து வந்தவர். எங்களுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் அவர் வரலாறு சொல்வார். நியூயார்க்கின் ஹார்லெமில், பகலெல்லாம் அடுத்தவர் வீட்டிலும் தொழிற்சாலையிலும் உழைத்த கறுப்பு மக்கள், மாலையில் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு முன்னால் உருவாக்கிய ஆட்டம் இது. வெளியே சேர்ந்து உட்கார விடாத ஊரில், சில மண்டபங்களில் மட்டும் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடினார்களாம். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் இதை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். குண்டு விழுந்த ஊரில் பெண்கள் முகம் தெரியாத ஆட்களின் கையைப் பிடித்து ஆடினார்கள். பிறகு அது ஜைவ் என்று சுருங்கி, மறக்கப்பட்டு, வெகுகாலம் கழித்து இளையவர்கள் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்போய்த் திரும்பக் கற்றார்கள். யுத்தம் என்ற சொல் வரும்போது அண்ணை தன் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய யுத்தத்தில் யாரும் ஆடவில்லை என்று ஒருமுறை காரில் சொன்னார்.

ஸ்விங்கில் பல வகை உண்டு. சார்ல்ஸ்டனில் கால்கள் உதறி உதறி வீசும். அண்ணையின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பல்போவா நெரிசலான ரயிலில் நிற்பவர்கள்போல் மிக நெருங்கி, சிறு சிறு அடிகளாக ஆடுவது. அது வந்தால் நாங்கள் இருவரும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம். எங்களுக்கு வாய்த்தது லிண்டி ஹாப். அதில் ஜோடி சுற்றிவந்து, ஒரு கட்டத்தில் விலகும். ஒரு கை மட்டும் விரல் நுனியில் பிடித்திருக்க, மற்றபடி இருவரும் தனித்தனி. தூரம்போய், கை இழுபடும்போது திரும்பி வர வேண்டும். இந்த ஆட்டத்தின் உயிரே அந்த விலகலில்தான் இருக்கிறது என்பார் ஆசிரியை. விரல்களைத் தளர்த்துங்கள், அவள் ஓடிவிடமாட்டாள் என்று அண்ணையிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். அண்ணைக்கு அது மட்டும் கடைசிவரை வரவில்லை. என் விரல்கள் வெள்ளிக்கிழமையும் வலிக்கும்.

இளமையில் அவர் மிருதங்கம் பழகியிருந்தார். ஸ்விங் தாளத்தில் ஒவ்வொரு அடியும் இரண்டாக உடையும். முதல் பாதி நின்று வரும், இரண்டாவது பாதி ஓடி வரும். எனக்கு அது பிடிபடாமல் நான் அழாத குறையாக நின்றபோது, அண்ணை காரின் டாஷ்போர்டில் விரலால் தட்டிக் காட்டினார். "இது எங்கட திஸ்ரம்தானே, மூண்டு மூண்டா எண்ணுறது. நடுவில ஒண்டை விழுங்கிப்போட்டாங்கள், அவ்வளவுதான்." அவர் சொன்னது சரியோ என்னவோ, டாஷ்போர்டைப் பார்த்து நானும் தட்டினேன். வீட்டு வாசலில் கார் நின்று வெகுநேரமாகியும் இருவரும் தட்டிக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த நேரங்களில் அது ஒன்று.

ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில் தமிழ்க் கடையொன்றில் அவரைக் கண்டேன். கூடவே அவருடைய அக்கா. அண்ணை என்னைப் பார்த்ததும் பலாச்சுளை டின்களை அப்படியொரு ஆராய்ச்சி செய்தார். நானும் முருங்கைக்காயை எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அதைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குள் ஏதோ உறுத்தியது. அவருக்கு நான் யார்? ஜோடி என்றால் ஊர் வேறு அர்த்தம் எடுக்கும். துணை என்றால் அதைவிட மோசம். தங்கச்சியும் இல்லை. நான் அவரை நேசித்தேனா என்று கேட்டால் தெரியாது. வியாழக்கிழமைக்காகவே மற்ற நாட்களைக் கடத்தினேன் என்பது தெரியும்.

பிறகு ஒரு வியாழன் அவர் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். டொரோண்டோவிலிருந்து வந்திருந்த மகள். அப்பா போய்விட்டார், இதயம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்: "நீங்க அப்பாட்ட டிரைவிங் பழகிற ஆளோ?"

எனக்கு 'ஆமா' வரவில்லை. அண்ணையின் ஊர் வழக்கப்படி "ஓம்" என்றேன்.

தகன மண்டபத்தில் பழைய மாணவர்கள் பின்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். எந்த வருஷம் பாஸ் பண்ணினீங்கள் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். பெட்டிக்குள் அண்ணை வேட்டியில் கிடந்தார். வேட்டியில் அவரை நான் பார்த்ததே இல்லை. முறைக்காரர் எல்லாம் வாய்க்கரிசி போட வாருங்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். வரிசை எழுந்தது. நானும் எழுந்தேன், பிறகு எங்கே போவதென்று தெரியாமல் சுவரோரம் நின்றேன். அக்கா என்னிடம் வந்தார். கடையில் பார்த்த முகம் அவருக்கு நினைவில்லை.

"பிள்ளை, நீங்கள் தம்பிக்கு என்ன முறை?"

அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை. "அவர்கிட்ட கார் ஓட்டப் பழகினேன்" என்றேன்.

"பாஸ் பண்ணிட்டீங்களோ?"

"இல்லை."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்லைப் பிள்ளை. எத்தினை தரம் பெயிலானாலும் தம்பி ஒருத்தரையும் கைவிட்டதில்லை."

அதைக் கேட்டதும் நான் சத்தமாக அழுதேன். ஒரு லைசென்ஸுக்காக இப்படி அழுகிறாளே என்று அந்த அம்மாள் நினைத்திருக்கக்கூடும்.

சில மாதங்கள் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டிலும் இருக்க முடியாமல் போனபோது திரும்பப் போனேன். அதே கூடம், அதே ஆசிரியை. கூட்டம் கூடியிருந்தது. பாட்டைப் போட்டுக் கைதட்டச் சொன்னார். எல்லாரும் இரண்டாவது அடியில் ஒன்றாகத் தட்டினார்கள். நான் முதலடியில் தட்டினேன், வேண்டுமென்றுதான். பக்கத்தில் நின்ற புதுப் பெண் நான் இன்றைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டு, கொஞ்சம் முந்திவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் அன்பாகச் சொன்னாள். ஆசிரியை என்னைப் பார்த்துவிட்டுப் பாட்டின் ஒலியைக் கூட்டினார். அந்த அடியில் என்னோடு சேர்ந்து இன்னொரு கை விழுமா என்று பாட்டு முடியும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.