அடிப்பக்கத்து ஓட்டை

தெருவில் அவரை அடைப்பு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் வேலைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அடைத்துக்கொண்டால் எடுப்பார், ஒழுகினால் அடைப்பார். எந்தப் பக்கம் பார்த்தாலும் அடைப்புதான். மனிதருக்குச் சொட்டுச் சத்தம் ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில்கூடக் குழாய் சொட்டினால், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வாஷரைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஊரார் வீட்டு வேலைக்குச் சொன்ன நேரத்துக்குப் போவார். சொந்த வீட்டு வேலைக்கு மட்டும் அவரிடம் ஒரே பதில்தான்: "சாயங்காலம்."

மனைவியின் ஸ்டீமரும் அந்தச் சாயங்காலத்துக்காக வெகுநாளாகக் காத்துக் கிடந்தது. கீழே தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து நீண்ட குழாய், நுனியில் துளைகள் போட்ட ஒரு தலை. தொங்கவிட்ட துணிமேல் தலையை நகர்த்தினால் ஆவியில் சுருக்கம் போய்விடும். வீட்டுக்கு வருவதோ உப்புத் தண்ணீர். துளைகளில் வெள்ளையாக உப்பு படிந்து முதலில் ஆவி குறைந்தது. பிறகு துணிமேல் பழுப்புத் தண்ணீரைத் துப்ப ஆரம்பித்தது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊறவைத்து, கொட்டி அலசி, துளைகளைப் பல்குச்சியால் குத்திவிட்டால் தீர்ந்தது. வினிகர் பாட்டிலும் வாங்கி வந்தார். அது அலமாரியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அன்று காலை அவர் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "மேல ஆவியே வரலைங்க. அடியில ஏதோ ஓட்டை வழியா புஸ்ஸுன்னு போகுது. அந்த அடைப்பைக் கொஞ்சம் பாருங்க. மதியம் பாப்பாவோட கோட்டுக்குச் சுருக்கம் எடுக்கணும்."

மகளுக்கு மறுநாள்தான் வேலையில் முதல் நாள். இஸ்திரிப் பெட்டி பட்டால் பளபளத்துப் போகிற துணியில் ஆசையாக ஒரு கோட்டு வாங்கியிருந்தாள்.

மனைவி சொன்ன அடைப்பு மேலே இருந்தது. அவர் காதில் விழுந்தது ஓட்டை என்ற சொல் மட்டும். ஸ்டீமரைக் கவிழ்த்தார். தொட்டியின் அடிப்பக்கத்தில் சின்ன ஓட்டை, சுற்றிலும் ஈரம். பையிலிருந்து ஒட்டுப்பசையை எடுத்துப் பிசைந்து, கட்டைவிரலால் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார்.

"இனிமே ஒழுகாது. மேல இருக்கிறதைச் சாயங்காலம் பார்த்துக்கறேன்."

"மதியம் போடலாமா?"

"போடு, போடு. ஒரு சொட்டு வந்தா என்னைக் கேளு."

மதியம் வேறொரு வீட்டுக் குளியலறையில் வெந்நீர் ஹீட்டரின் அடியில் நின்றுகொண்டிருந்தார். வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அடைத்துவிடுங்கள் என்றார் வீட்டுக்காரர். அடைப்பு அண்ணனே அடைக்க மறுக்கும் ஓட்டை உலகத்தில் இது ஒன்றுதான். எல்லா வீட்டிலும் சொல்கிற பாடத்தைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இது ஒழுகலை சார், மூச்சு விடுது. உள்ள அழுத்தம் கூடினா இந்த வழியாத்தான் வெளிய போகணும். இதை அடைச்சா..."

அவர் கண் தன் கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த காலைப் பசையில் போய் நின்றது.

"அடைச்சா என்ன ஆகும்?" என்றார் வீட்டுக்காரர்.

அவர் போனை எடுத்து மனைவிக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி வேலையாக இருந்தால் போனைச் சமையலறையில் போட்டுவிடுவாள். மகளின் போனோ வேறொரு அழைப்பில் இருந்தது; வேலை கிடைத்த சேதியை இன்னும் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள் போலும். கருவிப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். மேல் வழியை உப்பு அடைத்தது, கீழ் வழியை நான் அடைத்தேன், மேல் வழியை உப்பு, கீழ் வழியை நான் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வாசலில் நின்று காது கொடுத்தார். காலையில் கேட்ட அந்தப் புஸ் சத்தம் ஒரு தடவை கேட்டுவிடாதா என்று இருந்தது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

உள்ளே கோட்டு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி தொட்டியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஸ்டீமரின் தலையை முகத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, லைட் எரியுது. ஆவிதான்..."

அவர் பாய்ந்து அதைப் பிடுங்கி, மகளைத் தோளால் தள்ளிவிட்டார். இடது கை சுவிட்சைத் தட்டியது. அதற்குள் வலது கையில் இருந்த தலை குழாயிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. கொதிக்கிற தண்ணீரும் ஆவியும் விரல்களின் மேல் கொட்டின. அவர் கத்தினாரா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை.

மருந்து போட்டு, கையில் கட்டுக் கட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். மகள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: "அப்பா மட்டும் வரலைன்னா என் முகம் போயிருக்கும். அப்பாவுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ." அவர்கள் அவரைப் பெருமையாகப் பார்த்தார்கள். அவர் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியைவிட அவமானம் அதிகமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு, மகள் குளிக்கப் போனாள். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். காய்ந்த பசைக் கட்டி. அதன்மேல் அவருடைய கட்டைவிரல் ரேகை சுத்தமாகப் பதிந்திருந்தது.

"கத்தியால நெம்பி எடுத்தேன்" என்றாள். "நாளைக்கு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் எங்கப்பாதான் காப்பாத்தினாருன்னு சொல்லப்போறா. அதுக்கு முன்னாடி அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். "சாயங்காலம்..."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே தெருவிளக்கு போட்டிருந்தார்கள்.

"சாயங்காலம்தாங்க இது" என்றாள்.