நோரீன் திறந்த இரண்டாவது கதவு

இது சத்தியமாக நடந்த கதை. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நோரீன் எங்கள் பழங்குடி இனத்துப் பெண். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கவோ நேரே பேசவோ கூடாது என்பது எங்கள் முறை. மாதாமாதம் இருதயத்துக்கு ஊசி போட்டுக்கொள்ள வரும் டெஸ்மண்ட், வாசலில் மாமியாரைக் கண்டால் ஓட்டம்தான்; சிட்னி கடலில் கால் நனைந்தால்தான் நிற்பான்.

"ஊசிக்குப் பயப்படுறான்," என்றாள் புது நர்ஸ்.

"பயமில்ல சிஸ்டர், மரியாதை! ஊசி போடாட்டி செத்துருவான். பின்பக்கம் இன்னொரு கதவு வைங்க," என்ற நோரீன், கதவு வைக்கும்வரை விடவில்லை. அதன் பிறகு டெஸ்மண்ட் ஒரு ஊசிகூடத் தவறவிடவில்லை. நானூறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து அந்தக் கதவை அளந்துகொண்டு போனார்கள்.

"சுவரை இடிச்சது நான்!" என்று, நான் சொல்லி முடிப்பதற்குள், கதை கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து டெஸ்மண்ட் எழுந்தான்.

பக்கத்தில் நின்ற ஜீப்புக்கு அந்தப் பக்கம் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மாமியார் கத்தினாள்: "நோரீன், அவருகிட்ட சொல்லு, சம்மட்டி என்னுது!"

"நோரீன், அவங்ககிட்ட சொல்லு, பிடி உடைஞ்ச சம்மட்டி!"

"இடிக்கச் சொன்னது யாரு?" என்று நோரீனும் எகிறினாள்.