ஆம்ப்ளிஃபயர் இல்லாத ஹெட்போனும் உத்தமபாளையத்துக் கட்டிலும்

முதலில் முன்வரைவு. இது இல்லாமல் எழுதத் தொடங்கினால் எனக்கே வழி தவறிவிடும்.

1. ஏன் போனேன், எப்போது போனேன்.
2. வடுகபட்டியிலிருந்து தேனி: பேருந்து, கட்டணம்.
3. தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே நன்றாக ஒலிக்கும், விலை குறைந்த ஹெட்போனைத் தேர்ந்தெடுக்க மூன்று விதிகள்: (அ) மின்தடை 32 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது, (ஆ) எந்தக் கருவியில் கேட்கப்போகிறோமோ அதிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும், (இ) காதை முழுக்க மூடி வெளிச்சத்தத்தை அடைக்க வேண்டும்.
4. தேனியிலிருந்து உத்தமபாளையம்.
5. கனி வீட்டில் அது எப்படி வேலை செய்தது (இனிமேல்தான் தெரியும்).
6. போகிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் சில குறிப்புகள்.

ஹெட்போன் வாங்கிய கையோடு தேனிப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதியது இது. பிறகு ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போனது 2008 நவம்பரில், ஒரு சனிக்கிழமை. மதுரைக் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் கனி. பிறகு நான் கணக்கு வாத்தியார் ஆனேன். அவன் உத்தமபாளையத்தில் திராட்சைக் கமிஷன் வியாபாரி ஆனான். இப்போது பக்கவாதத்தில் அவனுக்கு இடது கை, இடது கால் வருவதில்லை. முன்கூடத்தில் ஜன்னல் ஓரமாகக் கட்டில். அந்த ஜன்னல் வழியே கம்பம் சாலை தெரியும். எந்த லாரி எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்று படுத்தபடியே சொல்லிவிடுவான். மீதி நேரம் பாட்டு. அவன் மகன் துபாயிலிருந்து வரும்போது எங்கள் இருவருக்கும் விரல் நீளத்தில் ஒரே மாதிரி பிளேயர் கொண்டுவந்து கொடுத்தான், பண்பலையும் எடுக்கும். கனி அதை ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டி வைத்திருந்தான். சத்தம் எப்போதும் உச்சத்தில் இருக்கும்.

அதே கூடத்தில்தான் அவன் மருமகள் ஜரினா பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். வேறு இடம் இல்லை. புதன்கிழமை கனியின் மனைவி மைமூன் போன் செய்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை கட்டிலப் பின்னறைக்குத் தூக்கப் போறோம்ணே. புள்ளைகளுக்குப் பரீட்சை வருதுல்ல. பாட்டக் கொறைங்கன்னா இவுக கேக்க மாட்டேங்கிறாக. மருமகளச் சொல்லியும் குத்தமில்ல. நீங்க ஏதாச்சும் சொல்லிப் பாருங்களேன்."

பின்னறை எனக்குத் தெரியும். வெங்காய மூட்டைகளும் பழைய திராட்சைப் பெட்டிகளும் கிடக்கும். சாலை தெரியாது. யாருக்கும் எடுத்துச் சொல்லும் துணிவு எனக்குக் கிடையாது. ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வடுகபட்டியிலிருந்து காலை எட்டரைக்கு நகரப் பேருந்து. பெரியகுளம் வரை மூன்று ரூபாய். அங்கே இறங்கி தேனி வண்டி. பதினாறு கிலோமீட்டர், ஆறு ரூபாய். பத்து மணிக்கு முன்பே தேனி. அந்த நேரத்துக்குப் போனால் கடைகளில் கூட்டம் இருக்காது. எனக்கு அது முக்கியம். ஆள் நிற்கும்போது கேள்வி கேட்க எனக்கு வாய் வராது.

விதி (அ) எப்படிக் கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், பழைய ஹெட்போன் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தான். புதிதாக வாங்கினால் விலை ஆயிரக்கணக்கில். என் பிளேயரில் மாட்டினால் பக்கத்து வீட்டில் யாரோ முணுமுணுப்பது போல் இருக்கும். அதன் மேல் 300 ஓம் என்று போட்டிருந்தது. மின்தடை அவ்வளவு இருந்தால், பொடி மின்கலத்தில் ஓடும் பிளேயரால் அதற்குப் போதிய மின்னழுத்தம் கொடுக்க முடியாது. நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். 16, 32 என்று போட்டிருப்பவை நேரடியாகவே பாடும். பக்கத்தில் டெசிபல் கணக்கும் இருந்தால் நூறுக்கு மேல் உள்ளதாகப் பார்க்கலாம். விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

விதி (ஆ) கடையில் கிடைத்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடை. வாசலைக் கடந்து இருமுறை போய்த் திரும்பிவந்தேன். மூன்றாம் முறை கடைக்காரரே கூப்பிட்டார்.

"வாங்க சார். ரொம்ப நேரமா அங்கிட்டும் இங்கிட்டும் போறீக. வழி தெரியலையா, விலை தெரியலையா?"

சொன்னேன். அவர் ஒரு ஹெட்போனை எடுத்து, கடையில் ஓடிக்கொண்டிருந்த பெரிய செட்டில் மாட்டிக் கொடுத்தார். அற்புதமாக இருந்தது. இரண்டாவதும் அற்புதம். மூன்றாவதும். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பாடுவது அந்தப் பெரிய செட்டின் ஆம்ப்ளிஃபயர். சட்டைப் பையில் இருந்த என் பிளேயரை எடுத்து, "இதில் ஒரு தடவை..." என்று இழுத்தேன்.

"மாட்டிப் பாருங்க சார், அதுக்கென்ன. பொண்ணு பாக்க வந்தாக்கூட இம்புட்டு யோசிக்க மாட்டாக."

என் பிளேயரில் மாட்டியதும் மூன்றும் சுருங்கிப்போயின. நாலாவதாக ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். தடித்த மெத்தை, காதை முழுக்க மூடும், 32 ஓம், அறுநூற்றைம்பது ரூபாய். போட்ட மாத்திரத்தில் தேனிச் சத்தம் முழுவதும் நின்றுவிட்டது. கடைக்காரரின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. சன்னமான பாட்டிலும் தாளம் தெளிவாக விழுந்தது. இதுதான் என்று முடிவு செய்தேன். ஜரினாவின் பாடம் கனிக்குக் கேட்காது. அவன் பாட்டு அவளுக்குக் கேட்காது. விதி (இ) இப்படிப் பிறந்தது.

நாலு பெட்டியைப் பிரிக்க வைத்துவிட்டு ஒன்று மட்டும் வாங்கிப் போவது எனக்கு உறுத்தலாக இருந்தது. கண்ணாடிப் பெட்டியின் மேல் கொக்கியில் தொங்கிய, மெல்லிய கம்பியும் பஞ்சு உறையும் கொண்ட தொண்ணூறு ரூபாய் ஹெட்போன் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.

"இது யாருக்கு சார்?"

"எனக்குத்தான். பஸ்ஸுக்கு."

"நல்லதப் பெட்டியில வச்சிட்டு இத மாட்டிட்டுப் போறீகளாக்கும்" என்று சிரித்தபடியே பையில் போட்டுக் கொடுத்தார்.

தேனியிலிருந்து கம்பம் போகும் எந்த வண்டியும் உத்தமபாளையத்தில் நிற்கும். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், பன்னிரண்டு ரூபாய், ஒரு மணி நேரம். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் சின்னமனூர் தாண்டி மேகமலை தெரியும். எனக்குக் கிடைக்கவில்லை. தொண்ணூறு ரூபாய் ஹெட்போனை மாட்டிப் பண்பலை வைத்தேன். இந்தச் சிறு பிளேயர்களில் ஹெட்போன் வயர்தான் ஏரியல். வயரைச் சுருட்டிப் பையில் வைத்தால் இரைச்சல். நீட்டி மடியில் போட்டால் தெளிவு. குரல்கள் நன்றாகவே இருந்தன. தாளம் மெலிவு. மின்தடை என்னவென்று எங்கும் போடவில்லை, ஆனால் சத்தம் போதும்.

வீரபாண்டி நிறுத்தத்தில் கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "பாட்டுக் கேக்குற பெரியவரே, கால உள்ள வாங்குங்க, கூடை வருது." உடனே காலை இழுத்துக்கொண்டேன். குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: "பஞ்சு உறை. வெளிச்சத்தம் உள்ளே வருகிறது. இது குறை."

கனி வீட்டுக்குப் போனபோது டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பிள்ளைகள் பாயில். ஸ்பீக்கர் பெட்டி அதன் பாட்டுக்கு முழங்கியது. ஜரினா அதற்கு மேல் கத்திக்கொண்டிருந்தாள்.

"வா வாத்தியாரே" என்றான் கனி. "கட்டிலத் தூக்க நீயும் ஒரு பக்கம் பிடிக்க வந்தியா?"

பையிலிருந்த பெட்டியைப் பிரித்தேன். ஸ்பீக்கரைக் கழற்றி, ஹெட்போனை மாட்டி, அவன் காதில் வைத்தேன். கூடம் சட்டென்று அமைதியானது. ஜரினா பாதிச் சொல்லில் நின்று திரும்பிப் பார்த்தாள். கனியின் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா!" என்று கத்தினான். "மத்தளக்காரன் காதுக்குள்ளயே உக்காந்து வாசிக்கிறான்யா!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தான் கத்துவது அவனுக்குத் தெரியவில்லை. ஜரினாவும் சிரித்துவிட்டாள். "சார், இது இப்படியே இருந்தா கட்டில் இங்கனயே கெடக்கட்டும். தூக்க வேணாம்."

எனக்கு அன்று காலை முதல் இருந்த படபடப்பு அப்போதுதான் அடங்கியது. மைமூன் தேநீர் கொண்டுவந்தார். "இங்காருங்க, தேத்தண்ணி" என்று மூன்று முறை கூப்பிட்டார். கனி ஜன்னலைப் பார்த்தபடி விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுக் கொஞ்சம் தேநீரைத் தட்டிவிட்டான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றரைக்கு மேல் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு அழைப்பு ஒலிக்கத் தொடங்கியது. ஜரினா பாடத்தை நிறுத்தி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். பிள்ளைகள் பேனாவை வைத்தார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாங்கு கேட்டதும் கனி வலது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டுவான். மைமூன் அவன் முகம் கை கழுவச் செம்பில் தண்ணீரும் கிண்ணமும் கொண்டுவருவார். யாருடைய உதவியும் கேட்காமல் அவன் தானாகத் தொடங்குவது அந்த ஒன்றுதான். மைமூன் அடுப்படி வாசலில் செம்போடு நின்றார். தட்டு வரவில்லை. கனியின் விரல் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. யாரும் அவனைத் தொடவில்லை. எப்படித் தொடுவது என்று யாருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

பாங்கு முடிகிற நேரத்தில் அவனே திரும்பி, மருமகளின் தலையில் முந்தானையைப் பார்த்தான். வலது கையால் ஹெட்போனைக் கழற்றினான். கடைசி வரி மட்டும் அவனுக்குக் கிடைத்தது.

செம்பு வந்தது, தொழுகை முடிந்தது. பிறகு அவன் ஹெட்போனை என் மடியில் வைத்தான்.

"கோவிச்சுக்காத வாத்தியாரே. இது வேணாம். பின்னறைக்கே போறேன். அங்கன ரோடு தெரியாது, சரி. பாங்காச்சும் கேக்கும்."

"மாமா, நேரமானா நாங்க சொல்றோம்" என்றாள் ஜரினா.

"நீங்க சொல்லித்தான் நான் எந்திரிக்கிறேன், சாப்பிடுறேன், திரும்பிப் படுக்கிறேன். இதுக்கும் நீங்கதான் சொல்லணுமா தாயி?"

அவள் பாய்க்குத் திரும்பினாள். நான் ஹெட்போனை எடுத்துக்கொண்டேன். பையில் தொண்ணூறு ரூபாய் ஹெட்போன் இருப்பது நினைவிருந்தது. ஆனால் கொக்கியில் தொங்கிய சாமானைச் சிநேகிதனுக்குக் கொடுப்பது எப்படி என்று கூச்சம். அறுநூற்றைம்பது ரூபாய் ஹெட்போனைப் பெட்டியில் வைத்துப் பையில் போடும்போது மற்றதன் வயர் வெளியே இழுபட்டது.

"அது என்னாய்யா வாலு?" என்றான் கனி.

"ஒன்றுமில்லை. பஸ்ஸுக்கு வாங்கியது. மட்டமானது."

"நானே பாதி ஓடுற வண்டி. எடு பாப்போம்."

மாட்டினேன். பாட்டு ஓடியது. மைமூன் அடுப்படியிலிருந்தே, குரலை உயர்த்தாமல், "சீனி போதுமா?" என்றார்.

"கொஞ்சம் கம்மி" என்றான் கனி.

ஜரினா பாயிலிருந்து காதைச் சாய்த்துக் கேட்டாள். "எலி சொரண்டுற மாதிரி லேசாக் கேக்குது சார். அது பரவால்ல. எலியோடயே பாடம் நடத்திக்கிறேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மக்ரிப் தொழுகைவரை இருந்து பார்த்துவிட்டே கிளம்புவது என்று உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணி சுமாருக்குச் சாலையில் வாழைத்தார் லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துப் போனது. பாங்கின் முதல் சொல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்குள் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு விழுந்தது. மைமூன் செம்பில் இன்னும் தண்ணீரே ஊற்றியிருக்கவில்லை.

"வாரேன், வாரேன். அதுக்குள்ள என்ன அவசரம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குறிப்புகள். உத்தமபாளையத்திலிருந்து தேனிக்கு இரவு ஒன்பது வரை வண்டி இருக்கிறது. கடைசி வண்டியில் வந்தால் பெரியகுளத்திலிருந்து வடுகபட்டிக்கு ஆட்டோதான். ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் தங்கள் பிளேயரை முழு சார்ஜோடு எடுத்துப் போங்கள். அதில் பண்பலை உண்டென்றால் வயர் நீளத்தையும் பாருங்கள். பஞ்சு உறை சீக்கிரம் கிழியும். கூடுதலாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், ஐந்து ரூபாய்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மைமூன் போன் செய்தார். கட்டிலை யாரும் தூக்கவில்லை. அறுநூற்றைம்பது ரூபாய் ஹெட்போன் என் மேசைமேல் இருக்கிறது. ஒலியில் அதற்குத் தொண்ணூறு ரூபாய் ஹெட்போன் ஈடே இல்லை. அதை இப்போதும் சொல்வேன். விதி (அ), விதி (ஆ) இரண்டும் சரி என்றே நினைக்கிறேன். யாராவது மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

விதி (இ) தவறு. நான் தவறிய இடம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் மேலே அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். கடையில் ஓம் கேட்டேன், விலை கேட்டேன். கட்டிலில் கிடக்கிறவனுக்கு எதெல்லாம் காதில் விழ வேண்டும் என்று புதன்கிழமையே போனில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.