மைத்துனன் காரின் மூச்சுக்குழாய்

காரின் எஞ்சின் எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்று எழுபத்து மூன்று வயது வரைக்கும் நான் யோசித்ததில்லை. போன மழைக்காலத்தில் யோசிக்க வேண்டி வந்தது. மும்பை திலக் நகரிலிருந்து என் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வழியில், ரயில் பாலத்துக்குக் கீழே, முழங்கால் அளவுத் தண்ணீரில் கார் நின்றுபோனது. இடதுபக்க விளக்குக்குப் பின்னால், பம்பர் உயரத்தில் ஒரு குழாயின் வாய் இருக்கிறது. எஞ்சினுக்கு அதுதான் மூக்கு. அது காற்றோடு கொஞ்சம் தண்ணீரையும் குடித்துவிட்டது.

அது என் மைத்துனனின் கார். அவளுக்கு ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் சான்பாடாவில் தனியாக இருந்தான். வாரம் மூன்று முறை அங்கிருந்து வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போவான். அன்றும் அவன்தான் ஓட்டினான். என்னை ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பாண்டைச் சுருட்டிக்கொண்டு சாக்கடை கலந்த தண்ணீரில் இறங்கித் தள்ளினான். கார் மேட்டுக்கு வந்தது. எஞ்சின் உயிர் பெறவில்லை. ரிக்‌ஷாவும் கிடைக்கவில்லை. ஒரு முறை தவறியதற்கே அவளுக்குக் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தே இரண்டு இரவைக் கழித்தாள். இன்னொரு முறை இப்படித் தவறினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் தேறிவிட்டாள். தம்பி தேறவில்லை. அந்தத் தண்ணீரிலிருந்து ஏதோ அவனுக்குள் ஏறிவிட்டது. காய்ச்சல், பிறகு நுரையீரல். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லாததால் அவன் மூச்சை எண்ணினேன். இரண்டு சின்ன மூச்சு, ஒரு நீள மூச்சு, பிறகு நின்றுவிடும். ஏழு எண்ணும்போது திடுக்கென்று மறுபடி இழுப்பான். அவளும் கதவருகில் நின்று அதைக் கேட்டிருக்கிறாள்.

அவன் போன பிறகு கார் எங்களிடம் வந்தது. மெக்கானிக்கிடம் கொடுத்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தேன். அடுத்த மழைக்குள் அந்த மூக்கை உயரத்தில் தூக்கி வைத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். மெக்கானிக்குகள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. புதிதாக வாங்கிப் பொருத்த இந்த மாடலுக்கு ஒன்றும் கிடையாது. எனவே தாராவியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரரிடம் போனேன்.

"என்ன அண்ணாச்சி, லாரி வாங்கிட்டியளா?" என்றார், நான் கேட்ட ரப்பர் குழாயின் அளவைக் கேட்டுவிட்டு.

"சின்ன கார்தான். மழைத் தண்ணி உள்ள ஏறக்கூடாது. மூக்கைத் தூக்கி வைக்கணும்."

"மூக்கைத் தூக்கி வைச்சா அது காரா? யானைல்லா!" சிரித்துக்கொண்டே குவியலுக்குள் கையை விட்டு, வளைந்த கறுப்புக் குழாய் ஒன்றை உருவினார். "இந்தா பாருங்க. எத்தன வண்டி செத்துச்சுன்னு எனக்கே தெரியாது. இது மட்டும் சாவ மாட்டேங்கு."

அதோடு, உடைத்த வேன் ஒன்றின் ஃபில்டர் பெட்டி, முழங்கை மாதிரி வளைந்த பிளாஸ்டிக் குழாய் இரண்டு, கிளாம்பு நாலு. வீட்டில் ஒரு பழைய டீ வடிகட்டி இருந்தது. இலையும் எலியும் போகாமலிருக்க அதன் வலையைக் குழாய் வாயில் கட்டினேன். ஆக ஒன்பது உருப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கட்டடத்துக் கார் நிறுத்துமிடத்தில், வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் பலகையில் வட்டமாக ஓட்டை அறுத்து, குழாயின் வாயைக் கண்ணாடி ஓரம்வரை ஏற்றிப் பொருத்தினேன். சாயங்காலம் சாவியைத் திருப்பினேன்.

கார் மூச்சு விட்டது.

குழாய் நீண்டால் சத்தம் மாறும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது இரைச்சலாக இல்லை. சின்னதாக இரண்டு இழுப்பு, நீளமாக ஒன்று, பிறகு எஞ்சின் தாழ்ந்து அணையப்போவது போல் அடங்கியது. அணையவில்லை. திடுக்கென்று மறுபடி இழுத்தது.

மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் இறங்கி வந்தாள். நைட்டியின் மேல் துண்டைப் போட்டிருந்தாள். முதல் மாடிக்கு எப்படிக் கேட்டதோ தெரியவில்லை.

"யாரு?" என்றாள்.

"யாருமில்ல. காருதான்."

"காரு இல்ல. தம்பி மூச்சுல்லா இது."

"பைத்தியம் மாதிரிப் பேசாத. காத்து போற சத்தம்."

"எண்ணிப் பாருங்க. உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் எண்ணுவியளே, இத எண்ணுங்க."

எண்ணினேன். அடங்கியதிலிருந்து மறுபடி இழுப்பதற்குள் ஏழு. இன்னொரு முறை எண்ணினேன். ஏழு. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

அதுவரை பின்சீட்டில் சாய்ந்து படுத்து வந்தவள், மறுநாளிலிருந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஓடும்போது சத்தம் வராது, நின்றால்தான் வரும். சிவப்பு விளக்கு எப்போது விழும் என்று அவள் எட்டிப் பார்த்துக்கொண்டே வருவாள். விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். ஒருமுறை, பச்சை விழுந்தும் நான் கவனிக்காமல் இருந்தபோது, "போலாம்டா, பின்னால ஆரன் அடிக்கான் பாரு" என்றாள். என்னை அவள் ஒருநாளும் 'டா' போட்டதில்லை.

டயாலிசிஸ் சென்டர் வாசலில் இறங்கும்போது, கதவைச் சாத்துவதற்கு முன், டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்து, "போயிட்டு வாரேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். எவ்வளவு நெருங்கிய உறவானாலும் எழுந்து திரும்பிப் பாராமல் நடந்துவிட வேண்டும். செத்தவனிடம் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. மும்பைக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகியும் அந்த விஷயத்தில் அவள் மிகக் கண்டிப்பு. போன வருஷம்கூட, துக்கம் கேட்கப் போன வீட்டில் வாய் தவறி "வர்றேன்" என்ற என்னை மாதுங்காவிலிருந்து வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். அவளே இப்போது சொல்கிறாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது.

பிறகு சாயங்காலங்களில் கீழே இறங்கி வந்து காரில் உட்கார ஆரம்பித்தாள். எஞ்சினைப் போடச் சொல்வாள். புகை ஆகாது, கொசு கடிக்கும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பத்து நிமிஷம் அரைமணி நேரமானது. ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸுக்குக் கிளம்பி உட்கார்ந்தவள், நான் கியரைப் போடுவதற்குள் என் கையைப் பிடித்தாள்.

"இன்னைக்கு வேண்டாம். இப்பிடியே உக்காந்திருப்போம்."

"போகாட்டி என்ன ஆகும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்," என்றாள். அவ்வளவு சாதாரணமாக.

அன்று பேசிக் கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு எதிர்க்கடையில் ஒரு கட்டு ஊதுபத்தி வாங்கினேன். எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, ஊதுபத்தியைக் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் காட்டினேன். மூன்று மூட்டில் புகை நேராக ஏறியது. நாலாவதில், பேட்டரிக்குப் பின்னால், எஞ்சினை ஒட்டித் தாழ்ந்திருந்த இடத்தில், புகை வளைந்து உள்ளே போனது. இரண்டு முறை சின்னதாக, ஒரு முறை நீளமாக. நின்றது. நான் வாய்விட்டு எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். மறுபடி புகை உள்ளே ஓடியது.

கிளாம்புக்கடியில் லாரி ரப்பர் ஒரு விரல்நகம் அளவுக்குப் பிளந்திருந்தது. எஞ்சின் கணக்கில் வராத காற்று அதன் வழியே போகிறது. அதனால்தான் வேகம் ஏறி இறங்குகிறது. காரணம் கிடைத்ததில் ஒரு நிம்மதி. அடுத்த கணமே வேறு பயம். வாயை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்து என்ன? தண்ணீர் வந்தால் முதலில் குடிக்கப்போவது இந்தப் பிளவுதான்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "அத அடச்சே ஆகணும். மழை வந்துட்டு."

"அடச்சா அவன்?"

"அவன் எங்க இருக்கான் அதுல? அவன எரிச்சாச்சு. நான்தான் கூட நின்னேன்."

"அப்ப எண்ணி முடிச்சதும் எஞ்சின ஏன் அணச்சிய?"

"ரெண்டு நாளு விடுங்க," என்றாள். இரண்டு நாள் விட்டேன்.

சனிக்கிழமை காலையில் எழுந்தபோது கட்டட கேட்டுக்கு வெளியே ரோடு தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. ரிக்‌ஷாக்காரர்கள் ஃபோனை எடுக்கவில்லை. அவள் முகம் லேசாக உப்பியிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. கீழே போய், பிளந்த இடத்தைத் துடைத்து, பசை தடவி, சைக்கிள் டியூப் பட்டையை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கிளாம்பைப் போட்டு முறுக்கினேன். எஞ்சினைப் போட்டதும் ஒரே சீராக ஓடியது. சாதாரண பழைய காரின் சத்தம்.

ஆனால் தண்ணீரில் இறக்குமுன் அது உண்மையாகவே அடைபட்டதா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு வழிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மேலே உள்ள வாயை உள்ளங்கையால் முழுக்க மூட வேண்டும். எஞ்சின் மூச்சு முட்டி நின்றால் வேறெங்கும் ஓட்டை இல்லை. நிற்காமல் ஓடினால் எங்கிருந்தோ இழுக்கிறது. நான் பட்டையின்மேல் காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்ததால் மூடுவதற்கு இன்னொரு கை வேண்டும். வாச்மேனைக் கூப்பிடலாம் என்று நிமிர்ந்தபோது அவள் புடவை மாற்றி, பையோடு, தூணருகில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"சத்தத்தக் காணோம்," என்றாள்.

செய்ததைச் சொன்னேன். செய்ய வேண்டியதையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரிடம் என்ன கேட்கிறேன் என்று உறைத்தது. "நீ வேண்டாம், வாச்மேன் இருக்கான்..."

"வேற ஆளு எதுக்கு?" என்றாள். பையைத் தரையில் வைத்தாள். கண்ணாடி ஓரம் வந்து, டீ வடிகட்டியின் வலைமேல் வலது உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"இழுக்கு," என்றாள்.

நான் குனிந்து காதை வைத்தேன். பட்டையில் சத்தமில்லை. எஞ்சின் தாழ்ந்தது, உதறியது, கார் முழுவதும் ஒருமுறை நடுங்கியது. அவள் கையை விலக்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். பாதியில் விலக்கினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். அவள் இடது கையையும் அதன்மேல் வைத்து, உதட்டைக் கடித்து, முழு பாரத்தையும் கொடுத்து நின்றாள். எஞ்சின் இன்னும் இரண்டு முறை உதறி நின்றது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கையை எடுக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். உள்ளங்கையில் வலையின் கட்டங்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. கை ஜில்லென்று இருந்தது.

"ஓட்ட இல்லேல்லா?" என்று கேட்டாள்.

"இல்ல."

பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கேட்டைத் தாண்டி மெதுவாகத் தண்ணீரில் இறங்கினேன். விளக்கு மூழ்கியது. பம்பருக்கு முன்னால் அலை எழுந்து பானெட்டைத் தொட்டுத் தொட்டு விலகியது. எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல போங்க," என்றாள். "ஓரத்துல சாக்கடை மூடி தொறந்து கெடக்கும்."